ஆணையிடுவோரும் ஆற்றுவோரும்: ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி நிர்வாக சேவை

சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறுகின்றது. நாட்டின் தலைவர் அதிற் கையொப்பமிடுகின்றார். மறுநாட் பத்திரிகைகள் அச்செய்தியைப் பெரிய எழுத்துக்களில் வெளியிடுகின்றன. ஆயினும் அவ்வேளையில் அச்சட்டம் தாளிலுள்ள எழுத்தாகவே இருக்கின்றது. முதியவர் ஒருவரின் கைக்கு ஓய்வூதியம் வந்து சேர்வதற்கும், துறைமுகத்தில் இறங்கிய பொருளுக்குச் சுங்கவரி மதிப்பிடப்படுவதற்கும், கடைக்கு வரும் மருந்து தீங்கு விளைக்காதென்று உறுதி செய்யப்படுவதற்கும், எங்கோ ஓர் அலுவலகத்தில், ஒரு மேசையின் முன் ஒருவர் அமர்ந்து கோவையைத் திறக்க வேண்டும். அவர் தேர்தலில் நின்றவரல்லர். அவருடைய பெயரைப் பொதுமக்கள் அறியார். எனினும் குடிமகன் நாள்தோறும் எதிர்ப்படும் அரசாங்கம் அவரேயாவர்.

அத்தகைய உத்தியோகத்தர் எவருக்குக் கடமைப்பட்டவர்? தேர்தலில் வென்று ஆட்சிப் பீடத்தில் அமர்ந்துள்ள தலைவருக்கா? அத்தலைவரையும் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கா? இரண்டுக்குமே என்று விடை கூறுதல் எளிது. அவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படும் நாளில் அவர் செய்யத்தக்கது யாது என்பதே கடினமான வினா. தக்காரைத் தெரிந்தெடுத்து அவர்பால் வினையை ஒப்படைக்கும் முறையைக் கூற வள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை வகுத்தார். அதிலிருந்தே இவ்வினாவின் பழமை விளங்கும். இக்காலத்தில் இவ்வினாவோடு மிக நெடுங்காலம் போராடி வந்துள்ள நாடுகளுள் ஐக்கிய அமெரிக்கா ஒன்றாகும்.

ஐக்கிய அமெரிக்கா ஒரு சமஷ்டி நாடு. அங்குள்ள 50 மாநிலங்களுக்கும் தனித்தனி அரசாங்கங்களும் உத்தியோகத்தர்களும் உண்டு. அவற்றுக்கு மேலாக, நாடு முழுவதற்கும் பொதுவான காரியங்களை நடத்தும் சமஷ்டி அரசாங்கம் வாஷிங்டன் நகரிலிருந்து இயங்குகின்றது. சட்டம் இயற்றுவது காங்கிரஸ். நீதி வழங்குவன நீதிமன்றங்கள். சட்டத்தை நிறைவேற்றுவது சனாதிபதியைத் தலைவராகக் கொண்ட நிருவாகத்துறை. 1787ஆம் ஆண்டில் வரையப்பட்ட அரசியலமைப்பு இந்த நிருவாகத்துறையைப் பற்றிக் கூறுவது மிகச் சிலவே. நிறைவேற்று அதிகாரம் சனாதிபதிக்கு உரியது. அவர் சட்டங்கள் நேர்மையாக நிறைவேறுமாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். திணைக்களத் தலைவர்களிடமிருந்து எழுத்து மூலம் அபிப்பிராயம் கோரலாம். உயர் உத்தியோகத்தரைச் செனற் சபையின் சம்மதத்தோடு நியமிக்கலாம். திணைக்களங்கள் எத்தனை, அவற்றின் பெயர்கள் யாவை என்பவற்றைப் பற்றி அதிற் குறிப்பில்லை. அவை காங்கிரசு இயற்றும் சட்டங்களால் உண்டாகின்றன. எனவே, தலைமை சனாதிபதியிடத்தும், அமைப்பும் பணமும் காங்கிரசிடத்தும் இருக்கும் இரட்டை உரிமை தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிட்டது.

ஜோர்ஜ் வாஷிங்டன் 1789ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆந் திகதி பதவியேற்றபோது அவருக்குக் கீழே ஒரு திணைக்களமேனும் இருக்கவில்லை. அவ்வாண்டில் முதற் காங்கிரசு மூன்று திணைக்களங்களை அமைத்தது. வெளிநாட்டலுவல்களுக்கென அமைந்தது சில வாரங்களில் இராசாங்கத் திணைக்களம் எனப் பெயர் மாறிற்று. மற்றையவை யுத்தத் திணைக்களமும் திறைசேரியுமாகும். அவற்றை அமைத்த வேளையில் ஒரு பெரும் விவாதம் எழுந்தது. நியமிப்பது எவ்வாறென்று கூறிய அரசியலமைப்பு, நீக்குவது எவ்வாறென்று கூறாமல் விட்டிருந்தது. நியமனத்துக்குச் செனற் சபையின் சம்மதம் வேண்டுமாயின், நீக்கத்துக்கும் அது வேண்டுமென்றனர் சிலர். காரியத்துக்குப் பொறுப்பாளியான சனாதிபதி, தம் நம்பிக்கையை இழந்தவரைத் தாமே நீக்க இயலாதாயின், அவரைப் பொறுப்பாளியாக்குவதிற் பயனில்லை என்று வாதித்தார் ஜேம்ஸ் மடிசன். பிரதிநிதிகள் சபை மடிசனின் பக்கஞ் சாய்ந்தது. செனற் சபையில் வாக்குகள் சமமாகப் பிரிந்தபோது, உபசனாதிபதி ஜோன் அடம்ஸ் தம் வாக்கையளித்துச் சனாதிபதியின் உரிமையை நிலைநாட்டினார். அன்று ஒரு வாக்கினாற் தீர்ந்த அவ்விவாதம் உண்மையில் இன்றுவரை ஓயவில்லை.

தொடக்க காலத்தில் உத்தியோகத்தர் தொகை சிறிது. குடிப்பிறப்பும் கல்வியும் நன்மதிப்பும் உடையோரே பெரும்பாலும் பதவிகளில் அமர்ந்தனர். அமர்ந்தவர் முதுமை வரை அங்கேயே இருந்தனர். 1829ஆம் ஆண்டிற் சனாதிபதியான அன்ட்ரூ ஜக்சன் இவ்வழக்கத்தைக் கண்டித்தார். அரசாங்கப் பதவி எவருக்கும் பிதுரார்ச்சிதம் அன்று. அதன் கடமைகள் அறிவுடைய சாதாரண மனிதர் எவரும் செய்யத்தக்க எளியவை. ஆதலின் பதவிகள் மாறி மாறிப் பலருக்கும் கிடைத்தல் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மேட்டுக்குடியினரின் பிடியிலிருந்து அரசாங்கத்தை விடுவிக்க எழுந்த இக்கொள்கையில் மக்களாட்சியின் நியாயம் ஒன்று இருந்தது என்பதை மறுத்தல் தகாது.

ஆயின் கொள்கை ஒன்று, அதன் விளைவு வேறொன்று. போரில் வென்றவனுக்கே கொள்ளைப் பொருள் உரியது என்று 1832இல் நியூயோர்க் செனற்றர் வில்லியம் மார்சி வெளிப்படையாகவே சொன்னார். அதிலிருந்து இம்முறைக்குக் கொள்ளை முறை என்ற பெயர் நிலைத்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் தபாலதிபர் முதல் சுங்க இலிகிதர் வரை வேலையிழந்தனர். வென்ற கட்சியின் தொண்டர்கள் அவ்விடங்களை நிரப்பினர். பதவி பெற்றவர் தம் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சி நிதிக்குக் கொடுத்தல் வழக்கமாயிற்று. ஜக்சன் நியூயோர்க் துறைமுகத்துக்கு நியமித்த சுங்க அதிபதி சாமுவேல் சுவாட்வௌட், பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட அரசாங்கப் பணத்தைக் கையாடினார் என்ற குற்றச்சாட்டின் நடுவே 1838இல் இங்கிலாந்துக்குச் சென்றுவிட்டார். 1861இல் நாடு இரண்டுபட்டு உள்நாட்டுப் போர் மூண்ட நாட்களிலும், ஆபிரகாம் லிங்கனின் மாளிகைப் படிகளில் வேலை கேட்டு வந்தோரின் கூட்டம் நெருங்கி நின்றது.

இம்முறையின் கொடுமையை நாடு முழுவதும் உணர்வதற்கு ஓர் உயிர் பலியாக வேண்டியிருந்தது. 1881ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜேம்ஸ் கார்பீல்ட் சனாதிபதியானார். சார்ள்ஸ் கிற்றோ என்றொருவன், தேர்தலின்போது அவருக்குச் சார்பாகத் தான் ஒரு பேச்சை எழுதி வெளியிட்டமையால் பாரிசு நகரத்துக் கொன்சல் பதவி தனக்கு உரியதென்று எண்ணினான். வெள்ளை மாளிகைக்கும் இராசாங்கத் திணைக்களத்துக்கும் மாறி மாறி நடந்தான். இனி அப்பேச்சை எடுக்காதே என்று இராசாங்கச் செயலாளர் ஜேம்ஸ் பிளெய்ன் ஒருநாட் கடிந்து கூறினார். யூலை மாதம் 2ஆந் திகதி, வாஷிங்டன் புகையிரத நிலையத்திற் பயணத்துக்கு ஆயத்தமாக வந்த சனாதிபதியைக் கிற்றோ பின்புறமாக நின்று சுட்டான். எண்பது நாட்களுக்குக் கிட்டத் துன்புற்றுச் செப்ரெம்பர் 19ஆந் திகதி கார்பீல்ட் உயிர் துறந்தார்.

அவருக்குப் பின் சனாதிபதியான செஸ்ரர் ஆதர், கொள்ளை முறையாலேயே வளர்ந்தவர். அம்முறையின் கோட்டையென விளங்கிய நியூயோர்க் சுங்கப் பகுதிக்கு அதிபதியாயிருந்து, 1878இல் அப்பதவியினின்றும் நீக்கப்பட்டவர். அவரிடம் சீர்திருத்தத்தை எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் 1883ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி பென்டில்டன் சட்டத்திற் கையொப்பமிட்டவர் அவரே. அச்சட்டம் சமஷ்டிப் பதவிகளிற் சிலவற்றுக்குப் போட்டிப் பரீட்சையை விதித்தது. பரீட்சையைக் கண்காணிக்க ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. கட்சிக்குப் பணங் கொடாமைக்காக ஒருவரை வேலைநீக்கஞ் செய்வதைத் தடுத்தது. பிரித்தானியாவில் 1854ஆம் ஆண்டில் வெளிவந்த நோர்த்கோட், திரெவெலியன் என்போரின் அறிக்கை வகுத்த பரீட்சை முறையே இதற்கு வழிகாட்டியாயிற்று. 1963 வரை இலங்கையில் நிலவிய சிவில் சேவையும் அதே பிரித்தானிய மரபின் வழி வந்ததாதலால், இலங்கை நேயர்களுக்கு இம்முறை புதிதன்று.

பென்டில்டன் சட்டம் முதலிற் பத்தில் ஒரு பங்குப் பதவிகளையே தன்னுட் கொண்டது. மற்றையவற்றையும் சேர்க்கும் அதிகாரம் சனாதிபதிக்கு அளிக்கப்பட்டிருந்தது. இங்கே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. தோல்வியுற்றுப் பதவி விட்டிறங்கும் சனாதிபதியர், தாம் நியமித்தோரை அடுத்த ஆட்சி நீக்காதவாறு காப்பதற்காக, அவர்தம் பதவிகளைச் சட்டப் பாதுகாப்பினுட் சேர்த்துச் சென்றனர். கட்சிப் பற்றினாற் செய்யப்பட்ட இச்செயல்களே கட்சிச் சார்பற்ற சேவையை ஆண்டுதோறும் விரித்தன. 1939ஆம் ஆண்டின் ஹச் சட்டம், உத்தியோகத்தர் கட்சி அரசியலில் ஈடுபடுவதையும் வரையறுத்தது.

இனி இச்சேவையின் அமைப்பைக் காணலாம். சனாதிபதியின் மிக அருகில் இருப்பது அவருடைய நிறைவேற்று அலுவலகம். பொருளாதார மந்தத்தின் பின்னர் அரசாங்கப் பணிகள் பெருகியபோது, சனாதிபதிக்கு உதவியாளர் இன்றியமையாதவர் என்று 1937இல் லூயி பிரௌன்லோ தலைமையில் அமைந்த குழு அறிக்கையிட்டது. அதன் பயனாக 1939இல் பிராங்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் இவ்வலுவலகம் அமைந்தது. திணைக்களங்கள் கேட்கும் பணத்தைக் காங்கிரசுக்கு அனுப்புமுன் ஆராய்ந்து குறைப்பதும் கூட்டுவதும் இங்குள்ள வரவு செலவுப் பகுதியின் வேலை. இது சிறிய அலுவலகமாயினும் பெரிய திணைக்களங்களும் அஞ்சும் இடமாகும்.

அதற்கு அடுத்தவை திணைக்களங்கள். 1789இல் மூன்றாயிருந்தவை, 2002ஆம் ஆண்டில் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் சட்டத்தால் அமைந்தபோது பதினைந்தாயின. ஒவ்வொன்றின் தலைவரும் செயலாளர் எனப்படுவார். நீதித் திணைக்களத்தின் தலைவர் மட்டும் சட்டமா அதிபர். இவர்கள் சனாதிபதியின் மந்திரிசபையில் இடம் பெறுவர். பிரித்தானிய முறையிற் போல இவர்கள் சட்டமன்ற உறுப்பினரல்லர். காங்கிரசில் அமர்ந்துகொண்டு திணைக்களத்தை நடத்த அரசியலமைப்பு இடந்தருவதில்லை. செயலாளருக்குக் கீழே உபசெயலாளர், உதவிச் செயலாளர் என்னும் அடுக்குகள் உள்ளன. இவர்கள் ஆட்சியோடு வந்து ஆட்சியோடு போகின்றவர்கள். நாடு முழுவதிலும் இத்தகைய அரசியல் நியமனங்கள் ஏறத்தாழ 4,000. அவற்றுக்குக் கீழே, 2024ஆம் ஆண்டில், தபாற் சேவையினரும் படைவீரரும் நீங்கலாக, 20 இலட்சத்துக்கு மேற்பட்ட நிரந்தர ஊழியர் இருந்தனர். ஆட்சிகள் மாறும், இவர்கள் தங்கள் மேசைகளிலேயே இருப்பர். இவர்களிற் பெரும்பாலோர் தலைநகரை அடுத்து வாழ்பவரல்லர். ஐவரில் நால்வர் காடுகளிலும், வைத்தியசாலைகளிலும், எல்லைச் சாவடிகளிலும், தொலைவிலுள்ள ஊர்களின் அலுவலகங்களிலும் கடமை புரிபவர்கள்.

திணைக்களங்களைச் சாராத தனி நிறுவனங்களும் உள. அவற்றுட் சுயாதீன ஆணைக்குழுக்கள் சிறப்பானவை. புகையிரதக் கம்பனிகளின் கட்டணங்களைக் கண்காணிக்க 1887இல் அமைந்து, 1995இற் கலைக்கப்பட்ட மாநிலங்களிடை வாணிப ஆணைக்குழுவே அவற்றுக்கு முன்னோடி. வாணிப ஒழுங்குக்காக 1914இலும், பங்குச் சந்தைக்காக 1934இலும் வேறு ஆணைக்குழுக்கள் அமைந்தன. ஒருவருக்குப் பதிலாகப் பலர் கூடி முடிவெடுப்பதும், அங்கத்தவர் குறித்த ஆண்டுகளுக்கு நியமிக்கப்படுவதும், ஒரே கட்சியினர் எல்லா இடங்களையும் நிரப்பாதவாறு வரையறுத்திருப்பதும் இவற்றின் பொது இலக்கணம். இவற்றைத் தவிர, தெனெசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் அணைகட்டி மின்சாரம் வழங்க 1933இல் எழுந்த அதிகாரசபையைப் போன்ற அரசாங்கக் கூட்டுத்தாபனங்களும் உள.

இவ்வளவு பெரிய அமைப்பின் உச்சியில் இருப்பதாற் சனாதிபதி நினைத்ததெல்லாம் நடந்துவிடும் என்று கருதுதல் தவறு. 1952இற் பதவி விட்டிறங்கவிருந்த ஹரி திரூமன், தமக்குப்பின் வரவிருந்த படைத்தலைவர் ஐசனோவரை எண்ணி இரங்கினார் என்பர். படையில் ஆணையிட்டுப் பழகியவர் வெள்ளை மாளிகை மேசையிலிருந்தும் ஆணையிடுவார், ஆனால் ஒன்றும் அசையாது என்பது திரூமனின் அனுபவம். இந்த அசையாமை நன்றா தீதா என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் விடை பகர்கின்றன.

முதலாவது 1960ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. உணவு, மருந்து நிருவாகத்தில் அவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண் வைத்தியரிடம், தலிடோமைட் என்ற மருந்தை விற்க அனுமதி கோரும் விண்ணப்பம் செப்ரெம்பர் மாதத்தில் வந்தது. ஐரோப்பாவில் அது நித்திரைக்கும் கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கும் ஏற்கெனவே தாராளமாக வழங்கப்பட்டு வந்தது. அக்காலச் சட்டப்படி 60 நாட்களுள் மறுப்புக் கூறாவிடின் மருந்து தானாகவே சந்தைக்கு வந்துவிடும். சான்றுகள் போதா என்று கெல்சி அம்மையார் விண்ணப்பத்தைத் திருப்பினார். கம்பனியார் மீண்டும் மீண்டும் வந்தனர், தொலைபேசியிற் பேசினர், அவருடைய மேலதிகாரிகளிடம் முறையிட்டனர். அவர் ஒவ்வொரு முறையும் மேலுஞ் சான்று கேட்டார். நரம்புகளுக்கு ஊறு நேர்வதாகப் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையொன்றில் வந்த கடிதத்தைக் கண்டபின் அவருடைய ஐயம் வலுத்தது. மேலதிகாரிகளும் அவருக்குத் துணை நின்றனர். 1961 நவம்பரில் உண்மை வெளிப்பட்டது. அம்மருந்தை உண்ட தாய்மாருக்குக் கையுங் காலுங் குறைந்த குழந்தைகள் பிறந்திருந்தன. உலகில் அவ்வாறு ஊறுற்ற குழந்தைகள் ஏறத்தாழ 10,000 எனக் கணிக்கப்படுகின்றது. அமெரிக்காவில், பரீட்சார்த்தமாக வைத்தியர் மூலம் வழங்கப்பட்ட மாத்திரைகளால் ஊறுற்ற சிலரைத் தவிர, ஒரு தலைமுறை காப்பாற்றப்பட்டது. 1962 ஓகஸ்ட் மாதத்திற் சனாதிபதி கென்னடி கெல்சி அம்மையாருக்குச் சமஷ்டி சேவையின் உயர் விருதை அணிவித்தார்.

இரண்டாவது நிகழ்ச்சி அதே சமஷ்டி சேவையைச் சார்ந்தது. 1932ஆம் ஆண்டில் பொதுச் சுகாதார சேவையினர் அலபாமா மாநிலத்து டஸ்கீகியிற் கறுப்பின ஏழை விவசாயிகள் 600 பேரை ஓர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டனர். அவர்களுட் பெரும்பாலோருக்கு மேகநோய் இருந்தது. நோயின் பெயர் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நோய் முற்றி உடலை எவ்வாறு அழிக்கின்றது என்பதைக் காண்பதே நோக்கம். 1940களின் இறுதியிற் பெனிசிலின் தாராளமாகக் கிடைத்த பின்னரும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. நாற்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. ஏழு சனாதிபதிகள் வந்து போயினர். கோவைகள் ஒழுங்காகவே எழுதப்பட்டன. இறுதியில், அச்சேவையிற் பணிபுரிந்த பீற்றர் பக்ஸ்டன் என்னும் ஊழியர் உள்ளே முறையிட்டுப் பயன் காணாது பத்திரிகைக்கு அறிவிக்க, 1972இல் நாடு அதிர்ந்தது, ஆராய்ச்சி நின்றது.

ஒருத்தியின் உறுதி பல்லாயிரம் குழந்தைகளைக் காத்தது. பலரின் பழக்கம் பல நூறு மனிதரைக் கைவிட்டது. பதவிப் பாதுகாப்பு இரண்டிடத்தும் இருந்தது. ஆகவே பாதுகாப்பு மட்டும் போதாது. கணக்குக் கேட்கும் கண்களும் வேண்டும் என்பது தெளிவு. இதை உணர்ந்தே காங்கிரசு சில வழிகளை வகுத்தது. திணைக்களங்கள் விதிகளை இயற்றுமுன் அவற்றை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டுமென்று 1946ஆம் ஆண்டின் நிருவாக நடைமுறைச் சட்டம் கூறியது. கோவைகளைக் காணும் உரிமையைக் குடிமகனுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. திணைக்களங்களுக்குள்ளேயே குறைகளை ஆராயும் பரிசோதகர் பதவிகளை 1978ஆம் ஆண்டுச் சட்டம் பரவலாக்கியது. பணத்தைக் கொடுப்பதும் மறுப்பதும், உத்தியோகத்தரை அழைத்து வினவுவதும் காங்கிரசின் பழைய ஆயுதங்கள்.

எஞ்சியிருப்பது 1789இல் எழுந்த வினா. நீக்கும் அதிகாரம் யாருடையது? வூட்ரோ வில்சன் 1920இல் நீக்கிய ஒரு தபாலதிபரின் வழக்கில், சனாதிபதி செனற்றின் சம்மதமின்றியே நீக்கலாமென்று உச்ச நீதிமன்றம் 1926இற் கூறியது. ரூஸ்வெல்ட் 1933இல் நீக்கிய வாணிப ஆணையாளர் வில்லியம் ஹம்பிரியின் வழக்கிலோ, சுயாதீன ஆணைக்குழுவினரைத் தக்க காரணமின்றி நீக்கலாகாது என்று 1935இற் கூறியது. அத்தீர்ப்பு நிலைக்க வேண்டுமா என்ற வாதத்தை அதே நீதிமன்றம் 2025 டிசெம்பரிற் செவிமடுத்தது. கொள்கை வகுப்பதிற் பங்குகொள்ளும் நிரந்தர உத்தியோகத்தரை எளிதில் நீக்கத்தக்க வகுப்பிற் சேர்க்கும் கட்டளையொன்று 2020இற் சனாதிபதி திரம்பினாற் பிறப்பிக்கப்பட்டு, 2021இல் அடுத்த சனாதிபதி பைடனால் நீக்கப்பட்டு, 2025 சனவரியில் மீண்டும் பதவியேற்ற திரம்பினால் உயிர்பெற்றது. மக்கள் தெரிந்தெடுத்த தலைவரின் ஆணைக்கு ஊழியர் இணங்காவிடின் தேர்தலுக்குப் பொருளில்லை என்பது ஒரு சாராரின் கட்சி. தலைவரின் விருப்பமே வேலைக்கு ஆதாரமாயின் சட்டத்துக்குப் பொருளில்லை என்பது மறு சாராரின் கட்சி.

இரு கட்சியிலும் உண்மை உண்டு. எனினும் கெல்சி அம்மையாரின் மேசையை நினைவிற் கொள்ளுதல் நன்று. வேலை போய்விடுமென்ற அச்சம் அவரை ஆட்கொண்டிருந்தால், அந்த விண்ணப்பத்தில் அறுபதாம் நாளில் ஒரு முத்திரை விழுந்திருக்கும். உத்தியோகத்தருக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு அவருக்குக் கிடைத்த சலுகை போலத் தோன்றும். உண்மையில் அது அவரை ஒருபோதும் காணாத ஒரு தாய்க்கும், பிறவாத ஒரு குழந்தைக்கும் வைக்கப்பட்ட காவலாகும். அக்காவல் டஸ்கீகியிற் போல உறங்கிப் போகாதவாறு எழுப்பிக்கொண்டிருப்பது குடிமக்களின் கடமையாகும்.